வலி நின்ற மூட்டு ஏன் சிதைந்தது? என்ஜிஎஃப் ஆன்டிபாடி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பரிசோதனை முடிவு வெளியானது. முழங்கால் தேய்மானத்தால் அவதிப்பட்ட சுமார் 450 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு டனெசுமாப் என்ற ஆன்டிபாடியையும் (என்ஜிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்து) சிலருக்குப் போலி மருந்தையும் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் 16 வாரங்களின் சராசரியைப் பார்த்தால், நடக்கும்போது வரும் முழங்கால் வலி போலி மருந்துக் குழுவில் 22 சதவீதம் குறைந்திருந்தது. மருந்துக் குழுக்களில் டோஸைப் பொறுத்து 45 முதல் 62 சதவீதம் வரை குறைந்திருந்தது. மூட்டுத் தேய்மானத்தில் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டும் வலி மருந்து மிக அபூர்வம்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்தின் தேய்மானப் பரிசோதனைகளை நிறுத்திவைத்தது. மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்து மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருந்தது. பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட முழங்காலோடு அது நிற்கவில்லை. இடுப்பு மூட்டும் தோள்மூட்டும்கூடப் பட்டியலில் இருந்தன. ஆண்டு முடிவதற்குள் இதே வகையைச் சேர்ந்த மற்ற நிறுவனங்களின் ஆன்டிபாடிகளுக்கும் தடை நீண்டது.

வலி குறைந்தது, நோயாளி நன்றாக நடந்தார், மூட்டு சிதைந்தது. மூன்றும் ஒரே மருந்தால், சில சமயம் ஒரே மனிதரிடம் நடந்தவை. எலும்பு, நரம்பு, நடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை இந்த நிகழ்வைப்போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு மருந்தின் தோல்விக் கதையாக மட்டும் இதைப் படித்துவிட்டு நகர்ந்தால், இதற்குள் இருக்கும் உயிரியலைத் தவறவிட்டுவிடுவோம்.

கோழிக்குஞ்சிலிருந்து தொடங்கிய மூலக்கூறு

டனெசுமாப் பிடித்துக் கட்டிப்போடுவது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை. ஆய்வகங்களில் எல்லோரும் என்ஜிஎஃப் என்றுதான் சொல்வார்கள். 118 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது அது.

1934-இல் கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் கோழிக்கருவில் இறக்கை முளையும் இடத்தை அகற்றிவிட்டு, அந்தப் பக்கத்து நரம்பு முடிச்சுகளும் தண்டுவடத்தின் அந்தப் பகுதியும் சுருங்கிப்போவதைக் கண்டார். உறுப்பு இல்லாவிட்டால் நரம்பு செல்கள் உருவாவதே இல்லை என்பது அவருடைய விளக்கம். இத்தாலியில் முசோலினியின் இனச்சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட ரீட்டா லெவி-மொன்டல்சினி, வீட்டுப் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். நரம்பு செல்கள் உருவாகத்தான் செய்கின்றன, போய்ச் சேர வேண்டிய திசு இல்லாததால் பிறகு செத்துப்போகின்றன என்ற முடிவுக்கு வந்தார். போருக்குப் பிறகு ஹாம்பர்கர் அவரை செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். சுண்டெலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்புகள் கட்டுக்கடங்காமல் அதற்குள் வளர்வதும், தட்டில் வளர்த்த நரம்பு முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம்போல இழைகள் கிளம்புவதும் 1950-களின் தொடக்கத்தில் தெரிந்தன. உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையில் சேர்ந்தார். அணுக்கரு அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு விஷத்தைக் கலந்தபோது, விஷத்திலேயே அந்தக் காரணி கட்டியைவிட அதிகமாக இருப்பது வெளிப்பட்டது. பிறகு ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இன்னும் தாராளமாகக் கிடைத்தது. 1986-இல் லெவி-மொன்டல்சினிக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நம் கதைக்கு அவசியமானது இதற்கு அடுத்த கட்டம். கரு வளரும் காலத்தில் வலியுணர் நரம்புகளும், இதயத்துடிப்பு, வியர்வை போன்றவற்றைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளும் உயிரோடு இருப்பதற்கே என்ஜிஎஃப் வேண்டும். வளர்ந்த உடலில் வலியுணர் நரம்பு அது இல்லாமலும் பிழைத்திருக்கும். அங்கே என்ஜிஎஃப்பின் வேலை மாறிவிடுகிறது. அடிபட்ட அல்லது அழற்சி வந்த திசு என்ஜிஎஃப்பை அதிகமாகச் சுரக்கிறது. நரம்பு நுனியில் இருக்கும் டிரக்-ஏ என்ற ஏற்பியோடு அது சேர்கிறது. இரண்டும் சேர்ந்தே நரம்புக்குள் இழுக்கப்பட்டு, இழையின் நீளம் முழுக்கப் பின்னோக்கிப் பயணம் செய்து, தண்டுவடத்தை ஒட்டிய செல் உடலை அடைகின்றன. அங்கே மரபணுக்களின் வேலை மாறுகிறது, வலிக் கடத்தும் புரதங்கள் கூடுகின்றன, நரம்பு இன்னும் எளிதில் தூண்டப்படுவதாக ஆகிறது. என்ஜிஎஃப்பைக் கட்டிப்போட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். மருந்து நிறுவனங்களின் யோசனை அதுதான். வலி நரம்புகளைப் பொறுத்தவரை அந்த யோசனையில் எந்தப் பிழையும் இல்லை.

எலும்புக்குள் இருக்கும் நரம்பு

எலும்பைச் செத்த சுண்ணாம்புத் தூணாக நினைத்துப் பழகிய கண்ணுக்கு, அதன் நரம்பு வரைபடம் ஆச்சரியமாக இருக்கும். சுண்டெலியின் தொடை எலும்பில் உணர்வு நரம்புகளின் அடர்த்தியை அளந்தபோது, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையில் 100 என்று வைத்தால் மஜ்ஜையில் 2, கடினமான எலும்புப் பகுதியில் 0.1 என்ற விகிதம் கிடைத்தது. உறையில் வலை விரித்ததுபோல நரம்புகள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் இடித்துக்கொண்டால் உயிர் போகும் வலி வருவது அதனால்தான். தோலில் பலவகை நரம்புகள் கலந்திருக்கும். எலும்புக்குப் போகும் உணர்வு நரம்புகளிலோ பெரும்பான்மை டிரக்-ஏ ஏற்பியைத் தாங்கியவை. அதாவது எலும்பின் உணர்வு நரம்பு மண்டலம் தோலின் நரம்புகளைவிட அதிகமாக என்ஜிஎஃப்பை நம்பியிருக்கிறது. இந்த மருந்து எலும்பு வலிக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கும், பிரச்சினை எலும்பிலும் மூட்டிலும் வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்புண்டு.

மூட்டுக் குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அப்படியானால் தேய்மானத்தில் வலிப்பது எது? மூட்டைச் சுற்றிய சவ்வும் தசைநார்களும் ஒரு பங்கு. குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு இன்னொரு பெரும் பங்கு. தேய்மானம் தொடங்கியதும் அந்த அடி எலும்பில் எலும்பைக் கரைக்கும் செல்களின் வேலை கூடுகிறது. 2019-இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு, இந்தக் கரைப்பு செல்கள் நெட்ரின்-1 என்ற வழிகாட்டிப் புரதத்தைச் சுரந்து உணர்வு நரம்புகளைத் தங்களை நோக்கி வளரவைக்கின்றன என்று காட்டியது. கரைப்பைத் தடுத்தபோது நரம்பு வளர்வதும் குறைந்தது, வலி நடத்தையும் குறைந்தது. எலும்பு தானே தனக்கு நரம்பை வரவழைத்துக்கொள்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! தேய்ந்த மூட்டின் வலி வெறும் உராய்வு வலி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நரம்பும் எலும்பைக் கட்டுகிறது.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடிமனாக இருப்பது அதற்குப் பழகிப்போன உதாரணம். சுமையை உணர்வது எலும்புக்குள் புதைந்திருக்கும் எலும்பணுக்கள் என்பதே வெகுகாலம் பாடப்புத்தக விடை. அது சரியான விடைதான், ஆனால் பாதி விடை. 2017-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று சுண்டெலியின் முன்னங்கை எலும்பை அளவான விசையில் அழுத்திப் பார்த்தது. ஒரு மணி நேரத்துக்குள் எலும்பின் மேற்பரப்பில் இருக்கும் கட்டும் செல்கள் என்ஜிஎஃப்பைச் சுரக்கத் தொடங்கின. டிரக்-ஏ ஏற்பியைத் தடுத்துவிட்டு அதே அழுத்தத்தைக் கொடுத்தபோது, புதிய எலும்பு உருவாவது குறைந்துபோனது. அதே குழு ஓராண்டுக்கு முன்பே, கருவில் எலும்பு உருவாகும் இடத்துக்கு டிரக்-ஏ நரம்புகள் வரவில்லை என்றால் ரத்தக்குழாய் நுழைவதும் எலும்பாக மாறுவதும் தாமதப்படுவதைக் காட்டியிருந்தது.

2019-இல் இன்னொரு ஆய்வு. எலும்பு செல்கள் சுரக்கும் புரோஸ்டாகிளான்டின் இ2 என்ற வேதிப்பொருளை உணர்வு நரம்பு தன் இபி4 ஏற்பியால் பிடித்து, மூளைக்குத் தெரிவித்து, பரிவு நரம்பின் கெடுபிடியைத் தளர்த்தி, எலும்பு கட்டுவதைக் கூட்டுகிறது. எலும்பு தன் அடர்த்தி எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் பாதை என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். புரோஸ்டாகிளான்டினைத் தடுப்பவைதான் நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள். இந்தக் குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பிறவியிலேயே என்ஜிஎஃப் கேட்காத உடல்கள்

மருந்து வருவதற்கு முன்பே இயற்கை இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருந்தது. டிரக்-ஏ ஏற்பியின் மரபணு பழுதானால் பிறவியிலேயே வலி தெரியாது, வியர்வையும் சுரக்காது. காரணம் இந்த மரபணுதான் என்று 1996-இல் உறுதியானது. அந்தக் குழந்தைகள் நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்வார்கள். எலும்பு முறிந்தும் நடப்பார்கள். மீண்டும் மீண்டும் எலும்பு முறிவு, எலும்பில் சீழ், உருக்குலைந்த மூட்டுகள். உடல் சூடேறி உயிருக்கே ஆபத்து வரும் நாட்களும் உண்டு. பெற்றோர் ஒவ்வொரு நாளும் குழந்தையின் உடலைக் கண்ணால் தடவித் தடவிச் சோதிக்க வேண்டியிருக்கிறது, குழந்தையின் நரம்பு செய்ய வேண்டிய வேலையைத் தங்கள் கண் செய்யும்படி.

2004-இல் வட ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் வேறொரு வகை கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே ஏற்பியில் குறை இல்லை, என்ஜிஎஃப் மரபணுவிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது. அறிவுத்திறன் இயல்பாக இருந்தது, வியர்வை பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. ஆழமான வலி மட்டும் தெரியவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இளம் வயதிலேயே முழங்காலும் கணுக்காலும் அழிந்துபோயின. இந்தக் குடும்பத்தைப் பற்றி 2004-இல் படித்தவர்கள் 2010-இல் வந்த செய்தியைக் கேட்டு முழுதாக வியந்திருக்க மாட்டார்கள்.

நூற்றைம்பது ஆண்டு பழைய சண்டை

உணர்வு போன மூட்டு ஏன் அழிகிறது என்ற கேள்வி 1868-லேயே வந்துவிட்டது. முற்றிய சிபிலிஸ் நோயால் தண்டுவடம் பாதித்தவர்களின் மூட்டுகள் வலியே இல்லாமல் நொறுங்குவதைப் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ விவரித்தார். எலும்பையும் மூட்டையும் பேணும் மையங்கள் தண்டுவடத்தில் இருக்கின்றன, அவை கெட்டதால் மூட்டு கெடுகிறது என்பது அவர் கருத்து. ஜெர்மானிய மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. வலி தெரியாததால் அந்த மனிதர் காலை அடித்து அடித்து நடக்கிறார், சிறு சிறு காயங்கள் சேர்ந்து மூட்டு உடைகிறது, அவ்வளவுதான் என்றார்கள். இன்று ஷார்கோ மூட்டு என்றால் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் பாதம்தான். சண்டை மட்டும் தீரவில்லை.

2010-க்குப் பிறகு நடந்த விவாதத்தைப் படித்தால் அதே இரண்டு கட்சிகளும் திரும்ப எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒரு தரப்பு: வலி போனதால் நோயாளி மூட்டுக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டார். இன்னொரு தரப்பு: என்ஜிஎஃப் எலும்பைப் பழுதுபார்க்கும் வேலையிலேயே பங்குகொள்கிறது, அதை நிறுத்தினால் அடி எலும்பில் தினமும் விழும் நுண்விரிசல்கள் ஆறாமல் கூடிக்கொண்டே போகும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு நிகழ்வையும் புரிந்துகொள்ள முடியாது. உடல் எடையைத் தாங்காத தோள்மூட்டும் சிதைந்திருக்கிறது. தொடக்கத்தில் நன்றாகவே இருந்த மூட்டுகளும் கெட்டிருக்கின்றன. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. ஆரம்பத்தில் எலும்புத் திசு இறப்பு என்று பதிவான நிகழ்வுகளின் எக்ஸ்ரே படங்களை நிபுணர் குழு மறுபடி படித்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்படி இல்லை. பல, வேகமாக முற்றும் தேய்மானம் என்று மாற்றி வகைப்படுத்தப்பட்டன. ஓராண்டுக்குள் மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் சுருங்குவது முதல் வகை. எலும்பே நொறுங்கிப்போவது இரண்டாம் வகை. ஆபத்து டோஸோடு கூடியது. வலி மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தவர்களிடம் இன்னும் கூடியது.

அந்தக் கடைசிச் செய்தியை 2019-இன் புரோஸ்டாகிளான்டின் ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். என்ஜிஎஃப்பைத் தடுத்தால் உணர்வு நரம்பின் ஒரு கை கட்டப்படுகிறது, மாத்திரை புரோஸ்டாகிளான்டினைத் தடுத்து இன்னொரு கையையும் கட்டுகிறது. இது என் ஊகம். மனிதரிடம் நிரூபிக்கப்பட்ட சங்கிலி இல்லை. ஆனாலும் எலும்பின் பக்கமிருந்து யோசிக்கும்போது இது மிகவும் பொருந்திவருகிறது, அதிகம் நடந்ததால் தேய்ந்தது என்ற விளக்கத்தில் இந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை.

நொண்டுவது என்பது என்ன

விலங்குகளின் நடையை ஆராய்பவர்களுக்கு இந்த இடத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. மனிதரிடம் வலி எவ்வளவு என்று கேட்கலாம். எலியிடமும் நாயிடமும் குதிரையிடமும் நடையைத்தான் கேட்க வேண்டும். தரையில் பதித்த விசைத்தட்டின் மேல் விலங்கை நடக்கவிட்டு, ஒவ்வொரு காலும் எவ்வளவு விசையோடு ஊன்றுகிறது, எவ்வளவு நேரம் ஊன்றுகிறது என்று அளப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்களிலும் 40 சதவீதத்தைப் பின்கால்களிலும் வைக்கும். பின்கால் வலித்தால் எடை முன்னே நகரும், காலைத் தாங்கித் தாங்கி வைக்கும், ஊன்றும் நேரம் குறையும்.

தாங்கி நடப்பதைக் குறைபாடு என்று எழுதிவிடுகிறோம். அது உடம்பு எடுத்த முடிவும்கூட. கெட்ட மூட்டிலிருந்து சுமையை எடுத்து நல்ல மூட்டுக்கு மாற்றுகிறது. குதிரை மருத்துவர்களுக்கு இது கைவந்த பாடம். எந்த இடம் வலிக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் காலின் ஒவ்வொரு பகுதியாக மரத்துப்போக ஊசி போட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நொண்டல் நின்றால் வலி அங்கே. ஆனால் எலும்பில் விரிசல் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அந்த ஊசியைப் போடவே மாட்டார்கள். வலி மறைந்த குதிரை முழு எடையையும் ஊன்றும், விரிசல் முறிவாகிவிடும். ஐந்நூறு கிலோ விலங்கின் காலில் நேரும் முறிவு பெரும்பாலும் அதன் உயிரோடு முடியும்.

எலிகளில் இதே கேள்வியை டனெசுமாபோடு நேரடியாகக் கேட்டார்கள். முழங்காலின் உட்பக்க மெனிஸ்கஸைக் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) கிழித்துத் தேய்மானத்தை வரவழைத்த எலிகளுக்கு மருந்து கொடுத்ததும் நடை நேரானது. குருத்தெலும்புச் சேதமோ மருந்து கிடைக்காத எலிகளைவிட மோசமாக இருந்தது. நடை மட்டும் அளக்கும் ஆய்வகம் இதை வெற்றி என்று எழுதியிருக்கும், திசுவை மட்டும் வெட்டிப் பார்க்கும் ஆய்வகம் நஞ்சு என்று எழுதியிருக்கும். இரண்டையும் ஒரே விலங்கில் பார்த்ததால்தான் உண்மை கிடைத்தது. இந்த எலிகளில் சுமைக் கட்சிக்குப் பலமான ஆதாரம் இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாகக் காயம்பட்ட மூட்டுக்கு ஓய்வு வேண்டிய நேரத்தில் வலியை எடுத்துவிட்டால் சேதம் கூடும். ஆக இரண்டு கட்சிக்கும் பங்கு இருக்கிறது. எந்த மூட்டில், நோயின் எந்தக் கட்டத்தில், எது எவ்வளவு என்பதுதான் இனி கேட்க வேண்டியது.

இரண்டாவது வாய்ப்பு

2012 மார்ச்சில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு எல்லா நிலவரங்களையும் பார்த்துவிட்டு ஆய்வைத் தொடரலாம் என்று ஒருமனதாக வாக்களித்தது. அப்புறம் விலங்குகளின் பரிவு நரம்பு மண்டலத்தில் தெரிந்த மாற்றங்களால் மறுபடி நிறுத்தம். 2015-இல்தான் கதவு திறந்தது. இந்த முறை டோஸ் குறைவு, தோலுக்கடியில் ஊசி, வலி மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பதற்குக் கடும் கட்டுப்பாடு, மூட்டுகளுக்குத் தவறாமல் எக்ஸ்ரே. ஆபத்தைப் பார்த்தபிறகு ஒரு பரிசோதனையை எப்படித் திருத்தி அமைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி என்பது என் எண்ணம்.

பெரிய நீண்டகால ஆய்வில் சுமார் 3000 பேர். ஒரு குழுவுக்கு 2.5 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு 5 மில்லிகிராம், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வலி மாத்திரை. மூட்டு சம்பந்தப்பட்ட பாதகங்களை நிபுணர்கள் படம் பார்த்து உறுதிசெய்ததில், மாத்திரைக் குழுவில் 1.5 சதவீதம், 2.5 மில்லிகிராமில் 3.8 சதவீதம், 5 மில்லிகிராமில் 7.1 சதவீதம். வலி குறைந்ததிலோ மாத்திரைக்கும் ஊசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2010-இன் பெரும் இடைவெளி போலி மருந்தோடு ஒப்பிட்டது, அதுவும் அதிக டோஸில். ஆபத்தைக் குறைக்க டோஸைக் குறைத்தபோது பலனும் கூடவே இறங்கிவிட்டது, ஆபத்து மட்டும் முழுதாக இறங்கவில்லை.

2021 மார்ச்சில் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. செப்டம்பரில் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பும் அனுமதி வேண்டாம் என்றது. அக்டோபரில் மருந்தை உருவாக்கிவந்த நிறுவனங்களான ஃபைசரும் லில்லியும் திட்டத்தைக் கைவிட்டன. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். மூட்டுத் தேய்மானம் உயிரைப் பறிக்கும் நோய் கிடையாது. அதற்கான மருந்து மூட்டையே பறிப்பதை ஏற்க முடியாது. ஆனால் வேறெந்த மருந்துக்கும் கேட்காத வலியோடு இருக்கும் சிலருக்கு இந்த ஊசி உண்மையிலேயே வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது என்பதும் உண்மை. யாருக்கு மூட்டு சிதையும், யாருக்குச் சிதையாது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சோதனை இருந்திருந்தால் முடிவே வேறாக இருந்திருக்கும்.

நாயும் பூனையும்

மனிதருக்கு மூடிய கதவு விலங்குகளுக்குத் திறந்தது. நாய்களுக்கான பெடின்வெட்மாப், லிப்ரெலா என்ற பெயரில் 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2023 மே மாதம் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பூனைகளுக்கான ஃப்ரூனெவெட்மாப், சொலென்சியா என்ற பெயரில் 2022 ஜனவரியில் எஃப்டிஏ அனுமதி பெற்றது. விலங்குகளுக்கென்று எஃப்டிஏ அனுமதித்த முதல் ஒற்றைப்படி ஆன்டிபாடி (ஒரே செல்லின் நகல்களிலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி) அதுதான். இரண்டுமே மாதம் ஒரு ஊசி.

பூனைக்கு இது எவ்வளவு தேவை என்பது வெளியில் அதிகம் தெரியாது. 12 வயதைத் தாண்டிய பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுச் சிதைவு தெரிந்ததாக 2002-இலேயே ஓர் ஆய்வு சொன்னது. பூனை நாய்போல நொண்டாது. தாவுவதை நிறுத்திவிடும், உயரமான இடத்துக்குப் போகாது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறையும். வயசாகிவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சிறுநீரகம் பலவீனமான முதிய பூனைக்கு வழக்கமான வலி மாத்திரையை நீண்ட நாள் கொடுப்பதும் சிக்கல். அந்த இடத்தில் இந்த ஊசி வந்தது எனக்கு மகிழ்ச்சியே.

கவலை வேறு இடத்தில். ஐரோப்பாவில் பெடின்வெட்மாபுக்கு நடந்த முக்கியக் களப் பரிசோதனையில் 287 நாய்கள். 28-ஆம் நாளில் 43.5 சதவீதம் நாய்களில் வெற்றி என்று கணக்கு, போலி மருந்தில் 16.9 சதவீதம். வெற்றி என்று அங்கே எண்ணியது உரிமையாளர் நிரப்பிய வினாப்பட்டியலின் மதிப்பெண்ணை. உரிமையாளரின் கண்ணை நான் மதிக்கிறேன், தன் நாயைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். ஆனால் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, போலி மருந்து கொடுத்த நாய்களைப் பார்த்து உரிமையாளரும் மருத்துவரும் சொன்ன முன்னேற்றத்தை விசைத்தட்டோடு ஒப்பிட்டது. ஏறக்குறைய 40 சதவீதம் தடவை, தட்டில் தெரியாத முன்னேற்றம் மனிதர் கண்ணில் தெரிந்தது. அப்படியே விசைத்தட்டு முன்னேற்றத்தைக் காட்டினாலும் எலிகள் கற்றுக்கொடுத்தது நினைவில் இருக்க வேண்டும். நேரான நடை மூட்டின் நலத்துக்குச் சான்று ஆகாது.

2024 டிசம்பரில் எஃப்டிஏ கால்நடை மருத்துவர்களுக்கு லிப்ரெலா பற்றி ஒரு கடிதம் எழுதியது. நடை தள்ளாடுதல், வலிப்பு, கால் பலவீனம், எழ முடியாமை, சிறுநீர் கட்டுப்படாமை, அதிகத் தாகம், சில சமயம் மரணம் என்று வந்த புகார்களை அது வரிசைப்படுத்தியது. இத்தகைய புகார்கள் தாமாக அனுப்பப்படுபவை. ஊசியால்தான் நேர்ந்தது என்று ஒவ்வொன்றையும் நிரூபிக்க முடியாது, மருந்து பெற்றவை பெரும்பாலும் முதிய நாய்கள். அதே காரணத்தால் இவற்றை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. இடுப்பு மூட்டு தேய்ந்த ஒரு முதிய நாய் ஊசிக்குப் பிறகு முதலில் துள்ளி நடந்து, அரை ஆண்டு கழித்து மறுபடி நொண்டினால், நோய் முற்றியது என்று சொல்வது மிக எளிது. முற்றியது எவ்வளவு வேகத்தில் என்று யாரும் அளக்கவில்லை என்றால் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. முதல் ஊசிக்கு முன்பு ஒரு எக்ஸ்ரே, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில் இன்னொன்று என்பது பெரிய கோரிக்கை இல்லை. மனிதரின் இரண்டாம் சுற்றுப் பரிசோதனையில் கட்டாயமாக இருந்ததில் ஒரு பகுதிதான் அது. திடீரென நொண்டத் தொடங்கிய விலங்குக்குக் காரணம் தெரிவதற்கு முன் இந்த ஊசியைப் போடவே கூடாது. குதிரை மருத்துவரின் விதி இங்கேயும் அப்படியே பொருந்தும்.

பிரித்தெடுக்க முடியுமா

இப்போது ஆய்வகங்களில் நடக்கும் வேலை, என்ஜிஎஃப்பின் இரண்டு முகங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. சுண்டெலிகளில் முறிந்த எலும்பின் இடத்தில் என்ஜிஎஃப்பை நேரடியாக ஊசி போட்டபோது, குருத்தெலும்பு எலும்பாக மாறுவது விரைவானதாக 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. எலும்பு முறிவுக்கு இது நல்ல மருந்தாகும் போலத் தோன்றும். ஆனால் என்ஜிஎஃப் ஊசி போட்ட இடம் பயங்கரமாக வலிக்கும். மனிதத் தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவு கொடுத்தபோதே தொட்டால் வலிக்கும் நிலை நாள்கணக்கில் நீடித்தது.

வட ஸ்வீடன் குடும்பத்தின் மரபணு மாற்றம் இங்கேதான் பயன்படுகிறது. மாறிய அந்த என்ஜிஎஃப், டிரக்-ஏ ஏற்பியோடு ஏறக்குறைய இயல்பாகவே சேர்கிறது, பி75 என்ற துணை ஏற்பியோடு மட்டும் சரியாகச் சேர்வதில்லை. செல்களை வளர்க்கும் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது, வலியைத் தூண்டும் வேலை வெகுவாகக் குறைகிறது. அதை முன்மாதிரியாக வைத்து வலியில்லாத என்ஜிஎஃப் வகைகளை வடிவமைத்து ஆராய்ந்துவருகிறார்கள். எதிர்த்திசையில், என்ஜிஎஃப்பை முழுதாகக் கட்டிப்போடாமல் பி75 வழியாக நரம்பு வளர்ச்சிக் காரணிகளின் குடும்பத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கும் ஒரு புரதம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இரண்டாம் கட்டப் பரிசோதனையை முடித்திருக்கிறது. அதன் அடுத்த கட்டத்தில் வலி மதிப்பெண்ணோடு மூட்டு இடைவெளியும் அடி எலும்பின் படமும் தொடக்கத்திலிருந்தே முதன்மை அளவுகோலாக வைக்கப்படுமா என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.